கிணற்றடியில் புதைத்த கண்ணாடி

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து முற்றத்தில் ஒரு விசித்திரமான கண்காட்சி நடைபெற்றது. வேப்பமர நிழலிலே பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் பக்கத்தே கணினிகள், மின்விசிறிகள், மின்னழுத்திகள், ஊமையாகிப்போன வானொலிப் பெட்டிகள். ஒரு மேசையின் மேல் கைத்தொலைபேசிகள் மட்டும் தனியே குவிந்து கிடந்தன. கண்காட்சியைப் பார்க்க வந்தோர் வெறுங்கையோடு வரவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து ஒரு காட்சிப் பொருளைச் சுமந்துகொண்டே வந்தனர். திரும்பிப் போகும்போதுதான் அவர்களுடைய கைகள் வெறுங்கையாயின.

இலத்திரனியற் கழிவு சேகரிக்கும் நாள் என்பது அதன் பெயர். அதனை எனக்கு அறிவித்தவள் என் பேத்தி. பாடசாலையிலே சுற்றாடல் முன்னோடிப் படையணியில் இருப்பவள். ஒரு வாரத்துக்கு முன்னரே கட்டளை பிறந்துவிட்டது.

“அப்பப்பா, ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்திலை பழுதான மின்சாரச் சாமான் எல்லாம் சேர்க்கினம். எங்கடை வீட்டிலை இருக்கிறதையும் குடுக்க வேணும்.”

“எங்கடை வீட்டிலை அப்படி என்ன இருக்கு, பிள்ளை?” என்றேன்.

அவள் மறுமொழி கூறவில்லை. சாமான் அறையின் கதவைத் திறந்து, அதன் ஓரமாக நின்றுகொண்டாள். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். ஒரு சொல்லும் பேசாமல் ஒருவனைத் தோற்கடிக்கும் அந்த வித்தை எனக்கு வாய்த்ததில்லை.

அறையிலே இருந்தவற்றை எண்ணிப் பார்த்தோம். 2018ஆம் ஆண்டிலே கண் மூடிய பெட்டி வடிவத் தொலைக்காட்சி ஒன்று. கைத்தொலைபேசிகள் நான்கு. அவற்றுக்கு மின்னேற்றும் கருவிகள் பதினொன்று; எது எதற்குரியது என்பதை அறிந்தவர் ஒருவருமில்லை. கழுத்தொடிந்த மின்விசிறி. ஒரு பிஸ்கற் தகரம் நிறைய வயர்த் துண்டுகள். பெயர் மறந்துபோன பல. எல்லாவற்றுக்கும் பின்னால், பழைய வேட்டித் துணி சுற்றிய ஒரு சிறு திரான்சிஸ்டர் வானொலி.

இவற்றையெல்லாம் ஏன் சேர்த்து வைத்தீர்கள் என்று பேத்தி கேட்டாள். கேள்வி நியாயமானது. ஆயினும் அதற்குரிய விடை அவள் பிறப்பதற்கு முன்னைய காலத்திலே இருக்கிறது.

1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. தீர்ந்துபோன பற்றறியை வெயிலிலே காயவைத்து, இன்னும் ஒரு செய்தியறிக்கை கேட்குமளவுக்கு உயிர் கொடுக்க முயன்றவர்கள் நாங்கள். ஜாம் போத்தலிலே சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டு, அந்த வெளிச்சத்திலே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். இரவு வந்ததும் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ஒரு வயரை இந்தத் திரான்சிஸ்டருக்கு இழுத்து, மிதியைக் கையாற் சுழற்றுவேன். அயலார் நாலைந்து பேர் திண்ணையில் வந்து குந்தியிருப்பர். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சிக்கு நான் கொண்டுபோன மிகச் சில பொருள்களுள் இதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு எங்களோடு வீடு திரும்பியதும் அதுவே.

அக்காலத்திலே ஓர் ஆணியைக்கூட நாங்கள் எறிந்ததில்லை. எறிந்தால் வேறொன்று கிடையாது. போர் முடிந்தது, பாதைகள் திறந்தன, கடைகள் நிறைந்தன. ஆனால் எறியாமல் வைத்திருக்கும் பழக்கம் மட்டும் எங்கள் தலைமுறையை விட்டு நீங்கவில்லை. எங்கள் ஊர்ச் சாமான் அறைகளை ஆராய்ந்து பார்ப்பவர் அந்தப் பஞ்சகாலத்தின் வரலாற்றை எழுதிவிடலாம்.

குறித்த நாளன்று முச்சக்கரவண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு போனோம். தொலைக்காட்சிப் பெட்டி மணமகளைப் போல நடுவில் வீற்றிருக்க, நானும் பேத்தியும் தோழியரைப் போல இருபுறமும் ஒடுங்கியிருந்தோம்.

சனசமூக நிலையத்திலே ஏற்பாடுகள் ஒழுங்காக இருந்தன. வாயிலிலே கொப்பியொன்றில் பொருளின் வகையை எழுதினார்கள். பின்னர் தராசிலே நிறுத்தார்கள். பணம் கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை. பற்றறிகளுக்கென மணல் நிரப்பிய வாளி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. குழல் விளக்குகளும் சுருள் மின்குமிழ்களும் உடையாதபடி கடதாசிப் பெட்டிகளுள் அடுக்கப்பட்டன. அவற்றினுள்ளே சிறிதளவு பாதரசம் உண்டாம். கைத்தொலைபேசி கொண்டுவந்தோரிடம், உள்ளேயிருந்த படங்களை அழித்துவிட்டீர்களா, சிம் அட்டையை எடுத்துவிட்டீர்களா என்று மாணவர்கள் கேட்டனர். எனது தொலைபேசிகளுள் ஒன்றின் பற்றறி அப்பம் போல உப்பியிருந்தது. அதை நான் மேசையில் வைத்ததும், “ஐயா, அதை அமத்தாதையுங்கோ!” என்று ஓர் இளைஞர் விரைந்து வந்து, இரு விரல்களால் மெல்லத் தூக்கி மணல் வாளியில் இட்டார். அந்த இலிதியம் பற்றறி நசுங்கினாலோ துளைபட்டாலோ தானே தீப்பற்றும் என்றார். ஓராண்டாக அது என் மேசை இலாச்சியிலே, கடிதங்களுக்கு நடுவே கிடந்தது.

அவ்விளைஞர் கொழும்பிலிருந்து வந்தவர்; அனுமதிபெற்ற சேகரிப்பு நிறுவனம் ஒன்றின் ஊழியர். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2008இல் வெளியான ஒழுங்குவிதிகளின்படி, இத்தகைய கழிவுகளைக் கையாள்வோருக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று விளக்கினார். இங்கு சேர்ப்பவற்றைத் தெற்கே கொண்டுபோய்க் கையாற் பிரிப்பார்களாம். இரும்பும் பிளாஸ்ரிக்கும் ஒருபுறம் போகும். மின்சுற்றுப் பலகைகள் கப்பலேறி, உலோகங்களைப் பிரித்தெடுக்கும் பெரிய உருக்காலைகள் உள்ள நாடுகளுக்குச் செல்லும். அப்படி அனுப்புவதற்கும் விதியுண்டு. அபாயகரமான கழிவுகள் நாடு விட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்த 1989இல் உருவான பேசல் உடன்படிக்கையிலே இலங்கை 1992இல் இணைந்தது.

எங்கள் தொலைக்காட்சிப் பெட்டியை இருவராகத் தூக்கி வைத்த பின்னர் அவர் அதன் முதுகைத் தட்டிக் கூறினார்:

“இதுக்குள்ளை இருக்கிற படக்குழாய்தான் ஐயா எங்களுக்குப் பெரிய பொறுப்பு. முன்பக்கம் பாக்கிற கண்ணாடி வேறை. பின்னாலை கூம்பு மாதிரி இருக்கிற கண்ணாடி வேறை. கூம்பிலை கிட்டத்தட்ட அஞ்சிலை ஒரு பங்கு ஈயம்.”

கண்ணாடியில் ஈயம் எதற்கு என்று பேத்தி கேட்டாள். குழாயினுள்ளே மின்னணுக்கள் வேகமாக வந்து மோதும்போது எக்ஸ் கதிர்களும் தோன்றும். அவை வெளிவந்து பார்ப்போரைத் தாக்காதவாறு தடுப்பதற்கே ஈயம் கலந்தார்கள் என்றார். எங்களைக் காப்பதற்காக வைத்த ஈயம் அது. பெட்டி முழுமையாக இருக்கும்வரை அதனால் ஒரு கேடும் இல்லை.

“உடைச்சால்?” என்று கேட்டேன்.

“உடைச்சு மண்ணிலை போட்டால், அந்தத் தூளிலையிருந்து ஈயம் மெல்ல மெல்ல மண்ணுக்குப் போகும், மழை பெய்தால் தண்ணிக்கும் போகலாம். சில பேர் செம்புச் சுருளை எடுத்துப்போட்டுக் கண்ணாடியை வளவுக்கை தாட்டுவிடுகினம். அதுதான் பிழை.”

முற்றத்திலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கோ உள்ளங்கால் குளிர்ந்தது.

ஏனெனில் அது எங்கள் வீட்டின் இரண்டாவது தொலைக்காட்சிப் பெட்டி. முதலாவது, 2002இல் ஏ-9 பாதை திறந்த பின்னர், மறு ஆண்டிலே வாங்கியது. அது 2011இல் பழுதானபோது பழைய இரும்பு வாங்குபவர் ஒருவரை அழைத்தேன். அவர் எங்கள் அடிவளவிலே வைத்து அதை உடைத்தார். செம்புச் சுருளையும் சில தகடுகளையும் சாக்கிலே போட்டுக்கொண்டு சென்றுவிட்டார். கண்ணாடி கிடந்தது. யாருடைய காலிலாவது குத்திவிடுமே என்று அஞ்சி, கமுக மரத்தடியில் ஒரு கிடங்கு வெட்டி, அத்தனையையும் பொறுக்கிப் போட்டு மூடினேன். பொறுப்புள்ள ஒரு குடும்பத் தலைவன் செய்யத்தக்க காரியத்தைச் செய்துவிட்டேன் என்ற திருப்தியோடு கையைக் கழுவினேன். கையைக் கழுவிய இடம் கிணற்றடி. கமுக மரத்துக்கும் கிணற்றுக்கும் இடையே இருபது அடிதான் இருக்கும்.

வலிகாமத்தாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பிற ஊர் வாசகர்களுக்காகக் கூறுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு என்று ஒன்றும் இல்லை. மாரி மழை செம்மண்ணினூடே இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. அதுவே எங்கள் குடிநீர், தோட்டத்து நீர், கோவிற் கேணி நீர். பாறையிலே வெடிப்புகள் மிகுதியாதலால் மேலே கொட்டுவது வடிகட்டப்படாமலே கீழே சென்றுவிடக்கூடும். ஒருவர் வளவில் இட்டது அடுத்தவர் கிணற்றிலே தோன்றுவதற்கு வேலியும் தடையன்று, மதிலும் தடையன்று. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இலே தீர்ப்பானதை யாவரும் அறிவர். அப்போது வாசிகசாலையிலே அமர்ந்து, பிறர் செய்த குற்றத்தைப் பற்றி மிகுந்த சினத்தோடு பேசியவர்களுள் நானும் ஒருவன்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க ஓர் அளவு அதற்குத் தெரியவரவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. என் பக்கத்திலே நின்ற பேத்தி 2012இல் பிறந்தவள்.

இளைஞரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கண்ணாடிக்குள் இறுகிய ஈயம் ஒரே நாளிலே கரைந்து ஓடிவிடாது என்று ஆறுதல் கூறினார். ஆனால் இனியும் அங்கே வைத்திருக்கலாகாது என்றார். தூசி கிளம்பாதபடி முதலில் மண்ணை நனைத்துக்கொள்ள வேண்டும். தடித்த கையுறையும் முகத்துக்கு மூடியும் வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது. ஒட்டியிருக்கும் மண்ணையும் சேர்த்து உரப்பையில் இட்டுக் கட்டிக் கொண்டுவர வேண்டும். லொறி நாலு மணிக்குப் புறப்படும். அதுவரை காத்திருப்பதாக வாக்களித்தார்.

நான் திரும்பும்போது அவர் மீண்டும் அழைத்தார். அவர் கையிலே எனது திரான்சிஸ்டர். பின்மூடியைத் திறந்து, உள்ளே வெண்மையாகப் பூத்துப்போயிருந்த இரண்டு பழைய பற்றறிகளை அகற்றியிருந்தார்.

“பற்றறி எங்களுக்குக் காணும், ஐயா. இது துணி சுத்தி வந்திருக்கு. துணி சுத்தின சாமானைக் கேட்காமல் லொறியிலை போடுறேல்லை” என்றார்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கொடுத்துவிட வேண்டியதை மண்ணுக்குள் ஒளித்தவனும், வைத்திருக்கத் தக்கதைக் கொடுக்க வந்தவனும் ஒருவனே என்று எண்ணியபோது நாணமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அலவாங்கையும் மண்வெட்டியையும் எடுத்தேன். நண்பகல் வெயில். என் மனைவி குசினி வாசலிலே வந்து நின்றாள்.

“இஞ்சருங்கோ, இந்த வெயிலுக்கை என்ன புதையல் தேடுறியள்?”

“புதையல்தான். நானே தாட்டது” என்று, யாவற்றையும் சொன்னேன். அவள் கமுக மரத்தைப் பார்த்தாள். பின்னர் கிணற்றைப் பார்த்தாள்.

“இந்தத் தண்ணியிலைதானே பிள்ளைக்குப் பால்மா கரைச்சனாங்கள்” என்றாள். அதன் பின் ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்று, தோட்ட வேலைக்குரிய கையுறையைக் கொண்டுவந்து தந்தாள். பேத்தியைக் குசினிக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு மணி நேரம் தோண்டினேன். கமுக வேர்கள் கண்ணாடித் துண்டுகளைக் கவ்விப் பிடித்திருந்தன. சிரட்டை அளவிலே சில துண்டுகள், நகக்கண் அளவிலே பல. மூன்றரை மணிக்கு உரப்பையோடு சனசமூக நிலையத்துக்கு ஓடினேன். நிறுத்துப் பார்த்தபோது மண்ணோடு சேர்த்து ஆறு கிலோவும் சொச்சமும். அந்த அளவுப் படக்குழாய் ஒன்று பத்துக் கிலோவுக்கு மேலிருக்குமாம். மிகுதி எங்கே என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாணவ வாசகர்களுக்காகச் சில கணக்குகளை இங்கே தருகிறேன். ஐக்கிய நாடுகள் அமைப்பினர் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டிலே உலகத்தார் ஒதுக்கிய இலத்திரனியற் கழிவு 6 கோடி 20 இலட்சம் தொன். அதிலே முறைப்படி சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சிக்குச் சென்றதாகப் பதிவானது 100இல் ஏறத்தாழ 22 பங்கு. மிகுதியில் ஒரு பகுதி எங்கள் அடிவளவைப் போன்ற இடங்களிலும் சாமான் அறைகளிலும் குப்பை மேடுகளிலும் கிடக்கிறது. அல்லது தெருவோரங்களில் எரிக்கப்படுகிறது. செம்புக்காக வயரைக் கொளுத்துவோர் எங்கள் ஊரிலும் உளர், நானும் கொளுத்தியதுண்டு. வயரின் மேலுறை எரியும்போது எழும் கரும்புகையிலே டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கையிலே வந்த செம்புக்கு ஒரு நேரத் தேநீர்ச் செலவும் தேறாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை ஜப்பானிய மக்கள் தமது பழைய கைத்தொலைபேசிகளையும் சிறு கருவிகளையும் ஊரூராகச் சேர்த்துக் கொடுத்தனர். ஏறத்தாழ 79,000 தொன் பொருள்கள். அவற்றுள் கைத்தொலைபேசிகள் மட்டும் 62 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் 2,200 கிலோ வெண்கலமும் கிடைத்தன. 2021இல் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக், பராலிம்பிக் போட்டிகளின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களும் அவற்றாலேயே ஆயின. அங்கே வீரர்களின் கழுத்திலே தொங்கியதும், இங்கே எனது மேசை இலாச்சியிலே உப்பிக் கிடந்ததும் ஒரே வகைப் பொருள். ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தார், மற்றவர் கொடுக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

பொருளை எறியாதிருப்பது நற்பண்பு என்றே நாங்கள் வளர்ந்தோம்; பிள்ளைகளையும் அவ்வாறே வளர்த்தோம். திருத்தித் திருத்திப் பாவிப்பது இன்றும் நற்பண்பே. ஆனால் திருத்த இயலாத நிலைக்கு ஒரு கருவி வந்துவிட்டால், வாங்கியவனுக்கு அதன் இறுதிக் கடனும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்திலே வைப்பதனாலோ மண்ணினாலே மூடுவதனாலோ அக்கடன் தீர்வதில்லை. இந்நாட்டிலே சேகரிப்பு நாள்கள் இடைக்கிடை நடைபெறுகின்றன. உங்கள் பிரதேச சபையிலோ பிள்ளைகளின் பாடசாலையிலோ விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். அந்நாள் வரும்வரை உடைக்காமல், எரிக்காமல், மழை படாத இடத்திலே வைத்திருங்கள். வைத்திருப்பதிலே எங்கள் தலைமுறைக்குப் பயிற்சி போதும். கொடுப்பதற்கே பழக வேண்டியிருக்கிறது.

கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை குடிப்பதற்குப் பொதுக் குழாயிலிருந்து நீர் எடுக்கிறோம். காலையிலே நானே குடத்தோடு செல்கிறேன். வழியிலே காண்போர், “என்ன வாத்தியார், கிணறு வத்திப்போச்சோ?” என்று கேட்கின்றனர். நின்று, கண்ணாடிக் கதையை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். கேட்டவர்களுள் இருவர் தங்கள் வளவுகளிலும் அப்படியொரு கிடங்கு உண்டென்று தாழ்ந்த குரலிலே சொல்லிச் சென்றனர்.

பேத்தி அவர்களுடைய பெயர்களைக் கேட்டு, அடுத்த சேகரிப்பு நாளுக்கென்று தன் கொப்பியிலே எழுதி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தின் முதல் வரியிலே என்னுடைய பெயர் இருக்கிறது. அதன் எதிரே, “மிகுதிக் கண்ணாடி, நாலு கிலோ” என்று எழுதியிருக்கிறது.